புள்ளி சேர்ந்தது, கை பழகியதா?

ஜூன் பிறந்தால் மலேசிய டாக்டர்களின் வாட்சாப் குழுக்களில் பரபரப்பு கூடிவிடும். எந்த ஹோட்டலில் பேச்சு, எந்தச் சங்கம் நடத்துகிறது, ஸூமில் உண்டா, எத்தனை புள்ளி என்ற விசாரிப்புகள் இரவு பதினொரு மணிக்கும் ஓயாது. புள்ளிக் கணக்கு ஜூலை 1-இல் தொடங்கி மறு ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. அதற்குள் குறைந்தது 20 புள்ளி சேர்ந்திருந்தால்தான் அடுத்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழைச் சிக்கலில்லாமல் புதுப்பிக்கலாம். 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் திருத்தமும் 2017 மருத்துவ விதிமுறைகளும் 2017 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்தன. அதுவரை விருப்பம்போல் இருந்த தொடர் மருத்துவக் கல்வி அதற்குப் பிறகு சான்றிதழோடு கட்டிப்போடப்பட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் இது 2003-இலேயே கட்டாயமாகிவிட்டது.

கட்டாயம் நல்லதுதான். ஆனால் இந்தப் புள்ளி எதை எண்ணுகிறது? ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்ததையா, அடுத்த நாள் கிளினிக்கில் கை வேறு மாதிரி வேலை செய்வதையா? குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர்கள் விஷயத்தில் இது விவாதப் பேச்சு இல்லை. உலு திராம் போன்ற ஓர் ஊரில் அது உயிர் விவகாரம்.

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி போகும் சாலையில் இருபது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிறது உலு திராம். ஒரு காலத்தில் ரப்பர், பிறகு செம்பனை, இப்போது தோட்டத்தை வெட்டி எழுப்பிய தாமான்கள். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பும் வீடுகள் இங்கே நிறைய. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாட்டிதான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக் காத்திருப்பார். பெற்றோர் திரும்பி வந்த பிறகு, இரவு எட்டரைக்கு மேல், கடைவீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கும் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அரசாங்கத்தின் ‘கிளினிக் கெசிஹாத்தான்’ அந்நேரம் பூட்டியிருக்கும். குழந்தை நிபுணர்கள் இருக்கும் பெரிய இடம் மவுண்ட் ஆஸ்டின் பக்கமுள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை, ஊரார் வாயில் ‘பண்டான் ஆஸ்பத்திரி’. ஆக, பிள்ளையின் வயிற்றை முதலில் தொட்டுப் பார்ப்பவர் பெரும்பாலும் குழந்தை நிபுணர் இல்லை, பொது மருத்துவர். அடுத்த அறையில் ஒரு தொழிலாளிக்கு எம்சி என்ற மருத்துவ விடுப்புச் சான்று எழுதிவிட்டு வந்து இந்தப் பிள்ளையைப் பார்ப்பார். அவருடைய ஆலோசனைக் கட்டணத்தை 2006 விதிகள் 10 முதல் 35 ரிங்கிட் என்று வரையறுத்தன. அந்தக் கட்டணத்துக்குள் எத்தனை நிமிடம் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் காலத்தோடு ஒப்பிட்டால் நாம் எங்கேயோ வந்துவிட்டோம், சந்தேகமில்லை. 1957-இல் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 75 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அந்த எண்ணிக்கை ஏழுக்கு அருகில் நிற்கிறது. ஆனால் ‘நிற்கிறது’ என்பதைக் கவனிக்க வேண்டும். 2000-க்குப் பிறகு குழந்தை இறப்பு விகிதம் பெரிதாக இறங்கவே இல்லை. குடிநீர், கழிப்பறை, தடுப்பூசி, பிரசவ வார்டு ஆகியவை தந்த பெரிய லாபத்தை நாடு அறுவடை செய்து முடித்துவிட்டது. மிச்சமிருப்பதில் ஒரு பங்கு, முதலில் பார்க்கும் டாக்டர் எதைக் கவனித்தார், எதைக் கவனிக்கத் தவறினார் என்பதில் இருக்கிறது.

2019 வைத்த பரீட்சை

ஜொகூர் டாக்டர்கள் எதற்காகத் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று கேட்பவருக்கு 2019ஆம் ஆண்டைக் காட்டினால் போதும்.

பிப்ரவரியில், தடுப்பூசி போடாத ஒரு சிறு குழந்தை ஜொகூரில் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தது. முப்பது வயது டாக்டர் ஒருவர் இந்த நோயைப் பாடப் புத்தகப் படத்தில்தான் பார்த்திருப்பார். தொண்டையில் சாம்பல் நிறத்தில் படியும் சவ்வு, சுரண்டினால் இரத்தம் கசியும், கழுத்து வீங்கி மாட்டுக் கழுத்துபோல் ஆகும். இதைச் சாதாரணத் தொண்டைப் புண் என்று நினைத்து அமாக்சிசிலின் எழுதி அனுப்பிவிட்டால், நச்சு இதயத்தைத் தாக்க நேரம் கிடைத்துவிடும். நஞ்சுமுறி மருந்தை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவுக்குத்தான் பலன். வந்திருப்பது தொண்டை அடைப்பானாக இருக்கலாம் என்ற சந்தேகம் முதல் டாக்டருக்கு எழ வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மார்ச் 7-இல் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். உலு திராமிலிருந்து அதிக தூரமில்லை. பாசிர் பூத்தே பள்ளிகளில் பிள்ளைகள் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. 111 பள்ளிகளை மூடினார்கள். பாசிர் கூடாங் உள்விளையாட்டரங்கமே சிகிச்சைக் கூடமானது. இரசாயனப் புகை பட்ட பிள்ளைக்கு முதல் சிகிச்சை மருந்து இல்லை. உடுப்பைக் கழற்றிக் கழுவிவிட வேண்டும். சிறு பிள்ளைகள் எடைக்கு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள், தரைக்கு அருகில் மூச்சுவிடுகிறார்கள். காற்றைவிடக் கனமான ஆவி அங்கேதான் தங்கும். இதையெல்லாம் எத்தனை பேச்சரங்குகள் முன்பே சொல்லியிருந்தன?

டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ. 27 ஆண்டுகளுக்குப் பிறகு நாட்டில் முதல் தொற்று. 2000-இல் போலியோ இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டிருந்தோம். இந்த மூன்றுக்கும் நடுவே ஆண்டு முழுக்க டிங்கி. அந்த ஒரே ஆண்டில் 1,30,101 பேருக்குத் தொற்று, 182 மரணம். தொற்றில் அதுவரை காணாத எண்ணிக்கை.

முப்பது விநாடி

டிங்கியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பேச்சுக்கும் கைக்கும் இருக்கும் தூரம் இந்த ஒரு நோயில் தெளிவாகத் தெரியும்.

நான்காம் நாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. பாட்டிக்கு நிம்மதி, நேற்று கொடுத்த பப்பாளி இலைச் சாறு கேட்டுவிட்டது என்று பூரிப்பு. ஆனால் பிள்ளை விளையாடவில்லை, சுருண்டு படுத்திருக்கிறது, இரண்டு தடவை வாந்தி எடுத்தது, வயிறு வலிக்கிறது என்கிறது. கட்டில் ஓரத்தில் எல்லாரும் ஆறுதல் அடையும் இந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம்.

பிள்ளைகளின் உடம்பு இதில் பொல்லாத தந்திரம் செய்யும். இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்துகொண்டே இருந்தாலும், மேல் அழுத்தத்தை விடாப்பிடியாகத் தாங்கிப் பிடிக்கும். கீழ் அழுத்தம் மட்டும் மெல்ல ஏறி, இரண்டுக்கும் இடைவெளி 20-க்குச் சுருங்கும். பிள்ளை அதுவரை பேசும், கேட்டதற்குப் பதில் சொல்லும். பிறகு திடீரென்று சரியும். ஆகவே மேல் எண்ணை மட்டும் பார்த்து, சரியாகத்தானே இருக்கிறது என்று சொல்பவர் ஏமாந்துபோவார். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பவரும் அப்படித்தான். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமடோகிரிட் ஏறுகிறதா என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மலேசியாவின் டிங்கி பாடத்தில் இதற்கொரு பயிற்சி உண்டு. பெயர் ‘சிசிடிவி-ஆர்’. உளவுக் கேமரா இல்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். உள்ளங்கையின் நிறம் என்ன? விரல் நுனியை அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்புகிறதா? கை குளிர்ந்திருக்கிறதா? நாடி நிறைந்து துடிக்கிறதா, நூலாக ஓடுகிறதா? எவ்வளவு வேகம்? ஐந்தும் ஒரே பிடியில், முப்பது விநாடிக்குள். கருவி வேண்டாம், காசு வேண்டாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவப் பேராசிரியர் லூசி லும் போன்றவர்கள் நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் இந்த முறையை ஆண்டுக்கணக்காக வலியுறுத்தி வந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 டிங்கி வழிகாட்டியிலும் அவருக்குப் பெரிய பங்குண்டு.

இதை ஒரு ஸ்லைடில் ஐந்து வரியாகப் போட்டுக் காட்டிவிடலாம். புள்ளியும் கிடைக்கும். ஆனால் குளிர்ந்த கை எப்படி இருக்கும் என்பது ஸ்லைடில் வராது. கிளினிக்கில் குளிர்சாதனம் ஓடும்போது எல்லாப் பிள்ளையின் கையும் கொஞ்சம் ஜில்லென்றுதான் இருக்கும். எது ஏசியின் குளிர், எது அதிர்ச்சியின் குளிர் என்று பிரித்தறிய இருபது முப்பது கைகளைப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நின்று சரியா தப்பா என்று சொல்லியிருக்க வேண்டும்.

பேச்சு மட்டும் போதாது என்பதற்குச் சாட்சி

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. டேவ் டேவிஸ் குழுவினர் 1999-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மேடையேறிப் பேசிவிட்டு இறங்கும் பேச்சுகள் டாக்டர்களின் நடைமுறையை மாற்றுவதாகத் தெரியவில்லை. கேள்வி, பயிற்சி, பேச்சு எல்லாம் கலந்த கூட்டங்கள் ஓரளவு மாற்றின. காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2009-இலும் 2021-இலும் ஏறக்குறைய ஒரே விடையைச் சொன்னது. கல்விக் கூட்டங்களால் சரியான நடைமுறையைப் பின்பற்றுவது ஆறு ஏழு சதவீதம் கூடுகிறது. ஒன்றுமில்லாததற்கு ஆறு மேல்தான். ஹோட்டல் வாடகையையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் சுருக்கென்றிருக்கும்.

தான்சானியாவின் ஹைடம் மருத்துவமனை இன்னும் தெளிவான பாடம் சொல்கிறது. பிறந்ததும் அழாத குழந்தையை முதல் நிமிடத்துக்குள் மூச்சுவிட வைக்கும் ஒருநாள் பயிற்சியை அங்கே நடத்தினார்கள். பொம்மையில் எல்லாரும் அருமையாகச் செய்தார்கள். பிரசவ அறையில் மாற்றமே இல்லை. பிறகு உத்தியை மாற்றினார்கள். பொம்மையைப் பிரசவ அறைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். சில நிமிடப் பயிற்சி, ஆனால் அடிக்கடி. அதற்குப் பிறகே, பிறந்த முதல் நாளில் இறக்கும் குழந்தைகள் குறைந்தார்கள். பாடம் ஒன்றே, பொம்மையும் ஒன்றே. இடத்தையும் எத்தனை தடவை என்பதையும்தான் மாற்றினார்கள்.

மலேசியாவிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1996-இல் பச்சிளங்குழந்தை உயிர்ப்பிப்புப் பயிற்சி நாடளவில் தொடங்கியது. பேராசிரியர் பூ நெம் யுன் அதன் எட்டு ஆண்டு அனுபவத்தை ஆவணப்படுத்தியிருக்கிறார். பயிற்றுநர் இன்னொரு பயிற்றுநரை உருவாக்கி, மாநிலம் மாநிலமாக முகமூடியும் காற்றுப்பையும் கைமாறின. அந்தப் பயிற்சியின் சான்றிதழும் காலாவதி ஆகும். திரும்பப் போய்ச் செய்துகாட்ட வேண்டும். கையால் செய்யும் வேலைக்கு அதுதான் முறை.

ஆஸ்துமா இன்னொரு உதாரணம். நம் ஊரில் பிள்ளைக்கு இழுப்பு வந்தால் ‘கேஸ் வைக்கணும்’ என்றுதான் கிளினிக்குக்கு ஓடுவோம். நெபுலைசர் புகை கண்ணுக்குத் தெரிவதால் பெற்றோருக்கு நம்பிக்கை. ஆனால் உயிருக்கு ஆபத்தான கட்டத்தைத் தவிர மற்ற நேரங்களில், சாதாரண பம்ப் இன்ஹேலரை ஸ்பேசர் குழாயோடு கொடுத்தாலே அதே பலன் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. ஸ்பேசர் வாங்க வழியில்லாத இடத்தில் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலே போதும் என்று தென் ஆப்பிரிக்க மருத்துவர் ஹெதர் சார் குழு 1999-இல் லான்செட் இதழில் காட்டியது. பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்குத் துளை போட்டு, இடைவெளியில்லாமல் பொருத்தி, பாட்டிலின் வாயைப் பிள்ளையின் வாயில் வைத்து, ஒரு தடவை அழுத்தி, நிதானமாகச் சில மூச்சு இழுக்க விட வேண்டும். ஒரு டாக்டர் இதை மேசைமேல் தானே வெட்டிச் செய்து பார்த்தால், மறுநாள் ஒரு தாய்க்குச் சொல்லிக்கொடுப்பார். வெறுமே கேட்டிருந்தால் நெபுலைசர் சுவிட்சைத் தட்டுவார். அது சுலபம், பில்லும் கூடும்.

வேறு ஊர்ப் பாடம்

மலேசியத் தமிழ் டாக்டர்களில் பலர் சென்னையிலும் மணிப்பாலிலும் படித்து வந்தவர்கள். அவர்கள் படித்த பாம்புக்கடிப் பாடத்தில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நால்வரும் அந்த நால்வருக்கும் பொதுவான நஞ்சுமுறியும் இருக்கும். உலு திராம் செம்பனைக் காட்டோரத்தில் பிள்ளையைக் கடித்த பாம்புக்கு அந்தப் பாடம் உதவாது. தீபகற்ப மலேசியாவில் கண்ணாடி விரியனும் இல்லை, சுருட்டை விரியனும் இல்லை. ஜொகூர் பக்கம் நாகம் என்றால் பெரும்பாலும் விஷத்தைப் பீய்ச்சும் கருநாகம். அது வேறு இனம். இங்கே பயன்படும் நஞ்சுமுறி பாங்காக்கின் ராணி சாவோபா நிறுவனத்திலிருந்து வருகிறது. எந்த மருந்து, எந்த மருத்துவமனையில் இருப்பு, யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்பதைக் கோலாலம்பூர்ப் பேச்சாளரைவிட ஜொகூர்க்காரர் ஒருவர் பத்து நிமிடத்தில் உருப்படியாகச் சொல்லிவிடுவார்.

வீட்டுக்குள்ளேயும் பாடம் கிடக்கிறது. மலேசிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டைச் சோதிக்கிறார்கள். குறைபாடுள்ள குழந்தையின் துணியை அந்துருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்துப் போர்த்தினால், சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை மூளையைத் தாக்கும் அளவுக்குப் போகலாம். சில வீடுகளில் குளிப்பாட்டிய பின் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகும். இதையெல்லாம் பாட்டியிடம் பக்குவமாகக் கேட்கத் தெரிந்த டாக்டர் வேண்டும். மிரட்டினால் அடுத்த தடவை சொல்லமாட்டார், விடுவதை மட்டும் நிறுத்தமாட்டார்.

மாறிக்கொண்டே இருக்கும் மற்ற விஷயங்களுக்கு ஒரு பேச்சு போதும், சொல்லப்போனால் ஒரு தாள் போதும். 2020 நவம்பரிலிருந்து ஐந்து நோய்த் தடுப்பூசிக்குப் பதில் ஆறு நோய்த் தடுப்பூசி. அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகளிலிருந்து 4, 6, 15 மாதங்களில் நிமோகாக்கஸ் ஊசி இலவசம். தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான ஊசி 9 மாதத்திலும் 12 மாதத்திலும். கோடீன் கலந்த இருமல் மருந்து பன்னிரண்டு வயதுக்குள் கூடாது. வேர்க்கடலையைக் கைக்குழந்தையிடமிருந்து ஒளித்துவைக்கச் சொன்ன காலம் போய், பக்குவமான வடிவில் சீக்கிரமே பழக்கினால் ஒவ்வாமை குறையும் என்று 2015 ஆய்வு திருப்பிப் போட்டது. இதற்கெல்லாம் ஐந்து நட்சத்திர ஹோட்டல் எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை.

தேநீருக்கு யார் பணம்?

ஹோட்டல் எதற்கு என்பதற்கு விடை கூடத்தின் வாசலிலேயே இருக்கும் மேசைகளில் தெரியும். மருந்து நிறுவனம், தடுப்பூசி நிறுவனம், சில நாடுகளில் பால்மாவு நிறுவனம். தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனைக்கு 1981-இல் உலக சுகாதாரப் பேரவை நெறி வகுத்தது. 2016-இல் ஒரு படி மேலே போய், மருத்துவர் கூட்டங்களுக்கு இந்த நிறுவனங்கள் பணம் தரக்கூடாது என்றது. இந்தியா இதில் முன்னாலேயே சட்டம் போட்ட நாடு. 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் குழந்தை உணவு நிறுவனங்கள் மருத்துவர் சங்கங்களுக்கும் கருத்தரங்குகளுக்கும் பணம் தருவதைத் தடுக்கின்றன. பிரிட்டனின் குழந்தை மருத்துவர் அரசக் கல்லூரி 2019-இல்தான் பால்மாவுப் பணம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. மெட்ராஸ்காரர் லண்டன்காரரை முந்திய சில விஷயங்களில் இது ஒன்று.

ஆதரவாளர் பணத்தில் நடக்கும் பேச்செல்லாம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் தலைப்பை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள். புதிய தடுப்பூசிக்கும் புதிய ஒவ்வாமை மருந்துக்கும் மேடை கிடைக்கும். பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்க்கும் முப்பது விநாடியை விற்க எந்த நிறுவனமும் இல்லை. பாட்டிலில் துளை போடுவதற்கும் இல்லை.

உலு திராமுக்கு வரட்டும்

கோவிட் காலத்தில் பேச்சுகள் ஸூமுக்குப் போயின. தனியாளாகக் கிளினிக் நடத்தும் டாக்டருக்கு அது பெரிய வசதி. கூட்டத்துக்குப் போக வேண்டுமானால் பதிலுக்கு வரும் லோக்கம் டாக்டருக்குக் காசு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கதவைச் சாத்த வேண்டும். வசதியோடு ஒரு பழக்கமும் வந்தது. கேமராவை அணைத்துவிட்டு நோயாளி பார்த்துக்கொண்டே பேச்சை ஓடவிட்டு, கடைசியில் கியூஆர் குறியீடு திரையில் வரும்போது மட்டும் ஃபோனை எடுப்பது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. முப்பது பேர் வெளியே காத்திருக்கிறார்கள்.

திரையையே வேறு விதமாகப் பயன்படுத்தலாம். நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர் 2003-இல் தொடங்கிய எக்கோ திட்டத்தில், கிராமத்து டாக்டர்கள் தங்கள் நோயாளியின் விவரத்தை வாராவாரம் வீடியோவில் நிபுணர் குழு முன் வைப்பார்கள். எல்லாரும் அந்த ஒரு நோயாளியை வைத்துப் படிப்பார்கள். கல்லீரல் அழற்சி ‘சி’ நோயாளிகளில் கிராமத்து டாக்டர் கொடுத்த சிகிச்சையும் பல்கலைக்கழகச் சிகிச்சையும் ஒரே அளவுக்குக் குணமாக்கின என்று 2011-இல் ஆய்வு வெளிவந்தது. ஜொகூர் மாநிலத்தில் இதற்கு எதுவும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. கடைவீட்டு டாக்டர் அனுப்பிய பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் என்ன ஆனது என்று நாலு வரி பதில் கடிதம் திரும்பி வந்தாலே பாதிக் கல்வி முடிந்தது. அனுப்பியது சரியா, ஒரு நாள் தாமதமா என்று தெரியாமலே ஆண்டுக்கணக்கில் வேலை பார்க்கும் டாக்டர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அந்த நாலு வரிக்குப் புள்ளி கொடுத்தால் நான் கைதட்டுவேன்.

இன்னொரு சின்னத் தடையும் இப்போது நீங்கியிருக்கிறது. 2014 முதல் ஜொகூருக்கு வெள்ளி, சனிதான் வார விடுமுறையாக இருந்தது. கோலாலம்பூரில் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வைத்தால் இங்குள்ள அரசாங்க டாக்டர்களுக்கு அது வேலை நாளாகிவிடும். 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டோம். உலு திராமில் ஒரு மண்டபத்தை ஞாயிறு காலை மூன்று மணி நேரம் எடுத்தால் போதும். பண்டானிலிருந்து ஒரு குழந்தை நிபுணர், இரண்டு பொம்மை, நாலைந்து ஸ்பேசர், பிள்ளைகளின் கைக்கு ஏற்ற சிறிய இரத்த அழுத்தப் பட்டைகள். பெரியவர் பட்டையைப் பிள்ளையின் கையில் சுற்றினால் அழுத்தம் குறைவாகக் காட்டும்; அந்த 20 இடைவெளிக் கணக்கே தடுமாறும். எத்தனை கிளினிக்கில் சின்னப் பட்டை இருக்கிறது என்று அங்கேயே கை தூக்கச் சொல்லலாம்.

மூன்று மாதம் கழித்து அதே டாக்டர்கள் தங்கள் பதிவு அட்டைகளைப் புரட்டட்டும். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சலோடு வந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மேல், கீழ் இரண்டு அழுத்தமும் எழுதியிருக்கிறது, எத்தனை பேருக்குக் கையைப் பிடித்துப் பார்த்த குறிப்பு இருக்கிறது என்று எண்ணிக் கொண்டுவரட்டும். அந்த எண்ணிக்கையோடு வருகிறவருக்கு ஐந்து புள்ளி கொடுத்தாலும் தகும்.